பாறைக்குளத்தடி மனைகள்

வீடு வாங்க வருகிறவர்கள் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். தென்காசியில் பத்துப் பதினோரு வருஷம் வீட்டுத் தரகு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சுவர் எத்தனை கனம், உத்தரம் தேக்கா வேம்பா, பத்திரம் யார் பேரில் என்பதெல்லாம் பிறகு. வாளியை இறக்கி, ஒரு கை அள்ளி வாயில் விட்டு, கண்ணை மூடிச் சப்புக்கொட்டுவார்கள். தண்ணீர் தித்தித்தால் பாதி விலை படிந்த மாதிரி. வீட்டுக்காரி கூட வந்திருந்தால் முழுதும் படிந்தது. பருப்பு வேகுமா என்பது ஒன்றுதான் அவள் கேள்வி.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா அவர்கள் தாளும் பேனாவும் தந்து, அவசரமில்லாமல் எழுதச் சொன்னதற்கு நன்றி. என் பெயர் வீரபாகு. படிப்பு எட்டாம் வகுப்பு. கடிதம் எழுதுவதை எங்கள் வாத்தியார் நன்றாகச் சொல்லித் தந்தார். எதற்காக எழுதுகிறோம் என்பது முதலில் வர வேண்டும் என்பார். அப்படியே செய்கிறேன்.

போன கார்த்திகையில் பாறைக்குளம் உடைந்து, கரைக்குக் கீழே இருந்த புதுக்குடியிருப்பில் பதினான்கு பேர் இறந்தார்கள். மனைக்காரர் சங்கத் தலைவர் ஆவுடைநாயகம் பிள்ளை தாமாகவே ஸ்டேஷனுக்கு வந்து, கலிங்கை அடைத்தது நான்தான், குற்றம் என்னுடையது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கலிங்கு என்பது குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல் வழி. அதை அவர் கையால்தான் அடைத்தார் என்பது உண்மை. ஆனால் அது அவர் செய்த காரியம் அல்ல. அவருக்குச் செய்யப்பட்ட காரியம். இந்த வித்தியாசம் சர்க்கார் காகிதத்தில் சரியாக ஏற வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். அவரைக் காப்பாற்ற வரவில்லை.

1951-இல் நானும் என் அக்கா வடிவாம்பாளும் குற்றாலத்தில் ஆவுடைநாயகம் பிள்ளையின் வீட்டில் குடியிருந்தோம். அப்பா, அம்மா இல்லை. அத்தான் கொழும்பில் ஒரு கடையில் சிப்பந்தி. குற்றாலத்து வீட்டுக்காரர்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. வருஷம் முழுக்கக் குடியிருக்கிறவன் ஆனியில் சாரல் விழுந்ததும் மூன்று மாதத்துக்கு வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். மதுரை, விருதுநகர் பக்கமிருந்து அருவிக்கு வருகிறவர்களுக்கு வீடு போகும். அந்த ஒரு சீசன் வாடகை, எங்களைப் போன்றவர்கள் இரண்டு வருஷம் கொடுப்பதற்குச் சமம். ஆவணி போனதும் பழைய ஆள் திரும்பி வந்துகொள்ளலாம். இதற்குச் சம்மதித்துத்தான் எல்லோரும் குடிவருவார்கள். நாங்களும் சம்மதித்துத்தான் வந்தோம்.

அந்த வருஷம் ஆனியில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குப் பேர்கூட வைக்கவில்லை. வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. அக்காவைச் சாக்கால் போர்த்தி வண்டியில் உட்காரவைத்து, சாரலோடு இலஞ்சிக்குக் கூட்டிப்போனேன். அங்கே கிடைத்தது ஒரு தகரக் கொட்டகை. மழை பெய்தால் உள்ளே ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அக்காவுக்கு ஜன்னி கண்டது. பிள்ளையின் பேரைக் கேட்டுக்கேட்டுச் செத்தாள். பிள்ளையும் அவள் பின்னோடு போனது.

ஆவணி கழிந்ததும், வீடு காலியாகிவிட்டது, வந்துகொள்ளலாம் என்று பிள்ளைவாள் ஆள் அனுப்பினார். அந்த ஆளிடம் நான் மரியாதையாகவே பேசினேன். காப்பிகூட வாங்கிக் கொடுத்தேன்.

அதன்பிறகு தென்காசிக்கு வந்து தரகுத் தொழிலில் இறங்கினேன். வீடு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நினைத்தேன், அவ்வளவுதான். செங்கோட்டை மலையாள ராஜ்யத்திலிருந்து நம் பக்கம் சேர்ந்த பிறகு தென்காசி பெருக்க ஆரம்பித்தது. புது ஆபீசுகள் வந்தன. மரக்கடைக்காரர்களும் உத்தியோகஸ்தர்களும் வந்தார்கள். கோயிலின் மொட்டைக் கோபுரத்தைச் சுற்றியே இருந்த ஊர் நாலு பக்கமும் கால் நீட்டியது. வயல்காரர்கள் வயலை விற்று மனையில் பணத்தைப் போட்டார்கள். நெல்லுக்கு மழை வேண்டும், வாடகைக்கு மழை வேண்டாம் என்று நான் சொல்லுவேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

ஊருக்கு மேற்கே பாறைக்குளம். அது ஊர்க்குளம். நிறைந்து மறுகால் போனதை என் வயதுக்காரர்கள் பார்த்ததில்லை. கரைக்குக் கீழே தண்ணீர் ஓடின ஓடை, காலப்போக்கில் தூர்ந்து, கருவேலம் முளைத்து, மற்ற தரை மாதிரியே ஆகிவிட்டது. குளத்துக்கு நீர்பாய்ச்சி மாடன். மடையைத் திறப்பதும் கலிங்கில் பலகை வைத்து எடுப்பதும் அவர்கள் வம்ச வேலை. நான் அங்கே சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தபோது அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்ன அண்ணாச்சி, அளக்கியோ?"

"மனை போடப் போறோம் வே."

"ஓடையில போயா வீடு கெட்டுவாக?"

"ஓடை எங்கன இருக்கு, காட்டும் பாப்போம்."

மாடன் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்குத் தெரியல. தண்ணிக்குத் தெரியும்லா."

"குளம் பெருகுமா வே?"

"எங்கய்யா காலத்துல ஒருக்கா பெருகிச்சு. எங்காலத்துல ஒருக்கா. இன்னும் ஒருக்கா பெருகாமலா போயிரும்?"

அன்றைக்கே அந்த நிலத்தை நான் முடிவு செய்துவிட்டேன். ஓடை மணல் ஆகையால் எங்கே தோண்டினாலும் சீக்கிரம் தண்ணீர் கண்டது. இளநீர் மாதிரித் தண்ணீர். தென்காசியில் அப்படிக் கிணறு அபூர்வம்.

ஆவுடைநாயகம் பிள்ளை அப்போது வயலை விற்றுக் கையில் பணம் வைத்திருந்தார். தென்காசியில் வீடு தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் எதிலும் முதல் ஆளாக இறங்குகிறவர் இல்லை. நாலு நல்ல மனிதர்கள் போன வழியில் போகிறவர். ஆகையால் நாலு நல்ல மனிதர்களை நான் முதலில் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஜெபமலர் டீச்சர்தான் முதலில் வாங்கினார். புருஷன் இல்லை. தங்கை மகளை எடுத்து வளர்த்துக்கொண்டு வாடகை வீட்டில் இருந்தார். வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு, "கற்கண்டு மாரி இருக்கு அண்ணாச்சி. எங்க பள்ளிக்கூடக் கெணத்துல வாய் கொப்பளிக்கவும் முடியாது" என்றார். ஆனாலும் மூன்று முறை வந்து பார்த்தார். மூன்றாம் முறை, தரகு வேண்டாம் டீச்சர் என்று சொல்லிவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. பிறகு ஓய்வு பெற்ற ஏட்டு சிவனணைந்தபெருமாள் வாங்கினார். செங்கோட்டை மரக்கடைக்காரர் ஒருவர் வாங்கினார். இன்னும் சிலர்.

அதற்குப் பிறகுதான் பிள்ளைவாளைக் கூட்டிவந்தேன். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்தேன். மீசை வைத்திருந்தேன், உடம்பும் போட்டிருந்தது. அவர் குடையைக் கிணற்றுச் சுவரில் சாத்திவிட்டு, தண்ணீரை நிதானமாகக் குடித்தார்.

"வே தரகரே, இந்தத் தண்ணியில காப்பி போட்டா, ஒம்ம தரகு கூட கசக்காது போலிருக்கே."

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."

"இங்கன யாரு யாரு வாங்கியிருக்கா?"

சொன்னேன்.

"டீச்சரம்மாவா? அப்பம் சரி. டீச்சர்மாரு பத்து தரம் யோசியாம ஒத்த ரூவாய அவுக்கமாட்டாவ."

நாலு மனை வாங்கினார். மூன்றில் வாடகைக்கு வீடு கட்டினார். நாலாவதையும் வாடகைக்கே கட்டுவதாக இருந்தார். அது எனக்குச் சரிப்படவில்லை. வாடகைக்காரன் வீட்டில் வாடகைக்காரன்தானே இருப்பான். அவருடைய மனுஷர்கள் அங்கே இருக்க வேண்டும். அவருக்கு ஒரே மகள், கல்யாணசுந்தரி. தலைப்பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். பேறுகாலத்துக்கு அப்பா வீட்டுக்கு வரப்போகிறாள் என்று தெரிந்தது.

"அண்ணாச்சி, குற்றாலம் ஈரத்து ஊரு. பச்சை உடம்புக்காரிய அங்கன வச்சிருக்கலாமா? இங்கன வெயிலு உண்டு, ஆஸ்பத்திரி பக்கம். நாலாவது வீட்ட உங்களுக்குன்னு வச்சுக்கிடுங்க" என்றேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "நீரு சொல்லுதது சரிதான்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்குக் காரணம் என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

இந்தப் பேச்சுக்கு முந்தின வருஷம், 1962-இல், கொஞ்சம் நல்ல மழை. கலிங்குப் பலகை இடுக்கில் வழிந்த தண்ணீர் தெருவில் கணுக்கால் அளவு ஓடியது. எல்லோரும் முகம் சுளித்தார்கள். மரக்கடைக்காரர் என்னிடம் சண்டைக்கே வந்தார். நான்தான் மனைக்காரர் சங்கம் வைக்கச் சொன்னேன். பிள்ளைவாளைத் தலைவராக்கச் சொன்னேன். கலிங்கைக் கல்லும் சுண்ணாம்பும் போட்டு நிரந்தரமாக அடைத்துவிட்டால் தெரு நனையாது, குளத்திலும் தண்ணீர் கூடத் தங்கும், மிச்சமிருக்கிற வயல்காரர்களுக்கும் சந்தோஷம் என்று எடுத்துச் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை, மாடனைத் தவிர.

"கலிங்கு குளத்துக்கு மூக்கு மாரி. மூக்கப் பொத்துனா கரையப் பிச்சுக்கிட்டுத்தான் மூச்சு விடும்" என்றார் அவர், கூட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு.

"ஒமக்கு வேலை போயிரும்னு பயம் வே. மூக்காம் மூக்கு. குளத்துக்குச் சளியா புடிச்சிருக்கு?" என்றார் ஏட்டையா. எல்லோரும் சிரித்தார்கள்.

மாடன் மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் காதுகொடுத்துக் கேட்கிற மாதிரி இருந்தது. நான் செங்கோட்டை மரக்கிட்டங்கியில் சொல்லி மாடனுக்குக் காவல் வேலை வாங்கிக் கொடுத்தேன். மாதச் சம்பளம், தங்க இடம். அவர் பெண்டாட்டி மாரித்தாய் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. மாடன் மேல் ஒரு குற்றமும் இல்லை என்பது தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

கலிங்கில் முதல் கல்லைச் சந்தனம் குங்குமம் வைத்துப் பிள்ளைவாள் எடுத்து வைத்தார். கொத்தனார் இசக்கியப்பன் அவர் கையில் கரண்டியைக் கொடுத்தான். பக்கத்தில் நான் தேங்காய்த் தட்டுடன் நின்றேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் நாலாவது வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். நாள் பார்த்தது நான். பால் காய்ச்சிய வீட்டை ஒரு மண்டலம் பூட்டக் கூடாது, விளக்கு அணையக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். கல்யாணசுந்தரிக்கு அந்த மாதக் கடைசியில் ஆண்பிள்ளை. பேறுகால வீட்டுப் பெண் வாசல் தாண்டக் கூடாது என்பதும் வழக்கம். போய்ப் பார்த்தேன். பிள்ளை நல்ல நிறம். கைக்குள் ஒரு வெள்ளிக்காசு வைத்துவிட்டு வந்தேன்.

கார்த்திகை மழை உங்களுக்கே தெரியும். மேற்கே மலை கண்ணுக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெபமலர் டீச்சர் கீழ ரத வீதியில் என் வீட்டுக்கு வந்தார். சேலையெல்லாம் சேறு.

"அண்ணாச்சி, கரையில தண்ணி கசியுதுன்னு சொல்லுதாங்க. நானும் போய்ப் பாத்தேன். ஒரு எடத்துல மண்ணு பொதபொதன்னு இருக்கு. பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரட்டா? ஏட்டையா கிட்ட சொன்னேன். நீ போனா நானும் கெளம்புதேன்ங்கார்."

நான் யோசித்தேன். டீச்சர் கிளம்பினால் ஏட்டையா கிளம்புவார். ஏட்டையா கிளம்பினால் தெருவே கிளம்பும். தெருவே கிளம்பினால் மண்டலமாவது, விளக்காவது. பிள்ளைவாளும் மகளை வண்டியில் ஏற்றிவிடுவார்.

"புதுக் கரை கசியத்தான் செய்யும் டீச்சர்" என்றேன். அது புதுக் கரை அல்ல. "நானே இன்னைக்குக் காலம்பற போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன். பயம்னா நான் சொல்ல மாட்டனா? நீங்க கெளம்பினா மத்தவங்களும் கலைஞ்சிருவாங்க. வீட்டுக்கு வெலை போயிரும்."

"நெசமாவா?"

"நான் இருக்கேன்லா."

அவர் குடையில் இரண்டு கம்பி ஒடிந்திருந்தது. என் குடையைக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாள் மத்தியானம் கரை உடைந்தது. பிள்ளைவாள் மகளின் பேறுகால மருந்துக்குச் சரக்கு வாங்கக் கடைவீதிக்கு வந்திருந்தார். அதனால் பிழைத்தார். அவர் பிழைத்ததில் எனக்கு வருத்தமில்லை. செத்தவருக்கு என்ன தெரியும். மகளையும் பேரனையும் மறுநாள் கருவேலங்காட்டில் கண்டெடுத்தார்கள். டீச்சரையும் தங்கை மகளையும் அதற்கு அடுத்த நாள். ஏட்டையா இன்னும் கிடைக்கவில்லை.

டீச்சரைப் பற்றி ஐயா அவர்கள் இரண்டு தரம் கேட்டீர்கள். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. நல்ல மனுஷி. ஆனால் நான் யாரையும் கையைப் பிடித்து இழுத்து வந்து குடிவைக்கவில்லை. அவரவர் வந்து, அவரவர் வாயால் தண்ணீரைக் குடித்துப் பார்த்து வாங்கினார்கள்.

எல்லாம் முடிந்த பிறகு, வீடிழந்தவர்களைத் தங்கவைத்திருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைவாள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மருந்துச் சரக்குப் பொட்டலம் அப்படியே இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, நான் யார் என்று சொன்னேன். எதற்காக என்றும், எப்படி என்றும் சொன்னேன். இத்தனை வருஷமும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காத்திருந்தேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

மாறவில்லை.

"நீ வடிவு தம்பின்னு எனக்குத் தெரியும்" என்றார். "கெணத்தடியில ஒன்னப் பாத்த அன்னைக்கே தெரியும். உங்க அக்கா ஜாடைலா ஒனக்கு. ஒங்கிட்டத்தான் வாங்கணும்னு வாங்கினேன் தம்பி. ஒண்ணு போதும்னு வந்தவன் நாலு வாங்கினேன். ஏதோ, ஒரு ஆறுதலுக்கு."

மடியிலிருந்த பொட்டலத்தை எடுத்துப் பெஞ்சில் வைத்தார்.

"அந்தப் பாவம் எனக்கு உண்டு. இல்லேங்கல. இதுவும் எம்பேருலயே இருக்கட்டும். நீ போ" என்றார். அப்புறம்தான் ஸ்டேஷனுக்கு வந்து அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேள்விப்பட்டேன். அது நியாயம் இல்லை. நான் கொடுத்ததை அவர் தாமே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். ஆகையால் மேலே கண்ட அனைத்தையும் திட்டமிட்டு, சுயபுத்தியோடு செய்தவன் நான்தான் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன்.

நான் எழுந்து வாசல் வரைக்கும் வந்த பிறகு, பின்னாலிருந்து இன்னொன்றும் சொன்னார். அதை அவர் உங்களிடமும் சொல்லக்கூடும் என்பதால் எழுதிவிடுகிறேன்.

"அன்னைக்கு வண்டி வந்து நின்னப்பம், பின்கட்டு அறைய உங்க அக்காவுக்கு விட்டுத்தாரேன், சீசன் ஆளுக முன்கட்டோட இருந்துக்கிடட்டும்னு நான் சொன்னேன்லா தம்பி. அவளும் இருப்போம்டான்னு அழுதாளே. பிச்சைக்கா இருக்கோம்னுட்டு நீதானே அவளத் தூக்கி வண்டியில வச்ச?"

அவர் அப்படிச் சொன்னது வாஸ்தவம். ஆனால் அந்த அறையை ஐயா அவர்கள் பார்த்ததில்லை. மேற்கே சன்னல் கிடையாது, அடுப்புப் புகை உள்ளே அடிக்கும், தரையும் ஓதம். பிள்ளை பெற்றவளை வைக்க லாயக்கான அறை இல்லை அது. வீடு விஷயம் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

இப்படிக்கு,
வீரபாகு